ஒன்றரை அடித் தொட்டிக்கு எந்த மீன்? பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி வேண்டும்

செங்காங்_கலா:
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் ஒன்றரை அடித் தொட்டி வைக்கப் போகிறோம், சுமார் 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பகல் முழுக்க வீட்டில் இருப்பது அப்பா மட்டும்தான், முழங்கால் வலியால் அதிகம் வெளியே போவதில்லை, சாயந்திரம் ஏழு வயது மகனும் சேர்ந்துகொள்வான். அதனால் சும்மா அழகாக நிற்கிற மீன் வேண்டாம், எதையாவது செய்துகொண்டே இருக்கிற மீன் வேண்டும், ஆனால் நான் வேலைக்குப் போகிறவள், பராமரிப்பு குறைவாக இருக்க வேண்டும். ஒரு கடையில் இரண்டு தங்கமீனும் கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர் மீனும் போதும் என்றார்கள். சரிதானா? ஹாலில் ஏசி போடுவதில்லை. டிசம்பரில் இரண்டு வாரம் திருச்சிக்குப் போய்விடுவோம், அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

நீர்ப்பாசி:
கலா, அந்த இரண்டையும் வாங்காதீர்கள். தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் மீன், அதிகம் கழிவு போடும், கையளவு வளரும், ஒழுங்காக வைத்தால் 10 வருடத்துக்கு மேல் இருக்கும். ஏசி இல்லாத ஹாலில் தண்ணீர் 29, 30 டிகிரிக்குப் போய்விடும், சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு, 35 லிட்டரில் அது திணறும். சக்கர் மீன் கடையில் விரல் நீளம்தான், பிறகு ஓர் அடிக்கு மேல் போகும். அப்படி வளர்ந்ததை லோங்காங்கிலும் (வடிகாலிலும்) நீர்த்தேக்கத்திலும் விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது இங்கே சட்டப்படி குற்றம், உள்ளூர் மீன்களுக்கும் கேடு.

நம் சூட்டுக்கு ஏற்கெனவே பழகிய மீன்களைப் பாருங்கள். என் முதல் தேர்வு ஸ்பார்க்லிங் கௌராமி, நான்கு செண்டிமீட்டர் கூட வராது. டிவியை அணைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்தால் அவை எழுப்பும் சத்தம் காதில் விழும், மார்புத் துடுப்பை அசைத்து ‘கிர்ர், கிர்ர்’ என்று. இரண்டு ஆண் மீன்கள் எதிரெதிரே நின்று துடுப்பை விரித்து இதைச் செய்யும்போது நீலப் புள்ளிகள் பளிச்சிடும், கண்ணும் நீலமாக மின்னும். நான்கைந்து மீன், ஜாவா பாசி, அனுபியாஸ் செடி, மெதுவாக ஓடும் பஞ்சு ஃபில்டர், அவ்வளவுதான். வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால் சூட்டைத் தாங்கும், ஆனால் மூடி கட்டாயம், குதிக்கும்.

எஸ்தர்_உட்லண்ட்ஸ்:
கௌராமி நல்லதுதான், ஆனால் கூச்ச சுபாவம், முதல் சில வாரம் செடிக்குள்ளேயே இருக்கும், ஏழு வயதுப் பையனுக்குப் பொறுமை இருக்குமா? நான் ஒற்றைச் சண்டைமீன்தான் சொல்வேன், அதுவும் குட்டை வால் ப்ளாகட் வகை. நீண்ட வால் மீன் அந்த வாலை இழுத்துக்கொண்டே களைத்துவிடுகிறது, ப்ளாகட் சுறுசுறுப்பாகச் சுற்றும். யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று சீக்கிரம் பழகி, ஆள் கிட்டே வந்தாலே கண்ணாடிக்கு ஓடி வரும். ஆண் மீன் வாயால் குமிழி விட்டு மேலே நுரைக்கூடு கட்டும், அதை உங்கள் அப்பா நாள் முழுக்கப் பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டிச் சிலிர்க்க வைப்பது எப்போதாவது ஒரு நிமிடம் போதும், அதற்கு மேல் காட்டினால் மீனுக்குத்தான் கஷ்டம். ஒரு தொட்டிக்கு ஓர் ஆண்தான், தயவுசெய்து இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

கப்பி பற்றியும் யாராவது சொல்வார்கள். குஞ்சு போடுவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம், உண்மை. ஆனால் பெண் மீன் ஒருமுறை சேர்ந்தால் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், 35 லிட்டர் நிரம்பிவிடும். வாங்கினால் ஆண் மட்டும் ஐந்தாறு வாங்குங்கள்.

பிடோக்_ரவி:
யாரும் குட்டிப் பஃபரைச் சொல்லவில்லையே! கேரளத்து ஆறுகளில் இருக்கும் மீன், முழுதாக வளர்ந்தாலும் ஓர் அங்குலம் சொச்சம்தான். இரண்டு கண்களையும் தனித்தனியாக உருட்டும், நத்தையைக் கண்டால் நின்று, குறிபார்த்து, கொத்தும். இதைப் போல வேடிக்கை காட்டுகிற மீன் வேறு இல்லை. ஆனால் கலாவின் நிலைமைக்கு இரண்டாவது தொட்டியாகத்தான் சொல்வேன்: உலர்ந்த தீனியை அனேகமாகத் தொடாது, உறைந்த இரத்தப்புழுவும் நத்தையும் வேண்டும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும்.

எந்த மீன் வாங்கினாலும் முக்கியமானது தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரில் பொதுப் பயனீட்டுக் கழகம் கிருமியைக் கொல்லக் குளோரமின் சேர்க்கிறது, ஊரில் செய்வதுபோல் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் அது போகாது. குளோரமினையும் நீக்கும் என்று எழுதியிருக்கிற மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். வாளியில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் ஏடிஸ் கொசு வேறு வரும்.

இன்னொன்று, தொட்டி வாங்கிய அன்றே மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், புது மீன்கள் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் பழைய பஞ்சு கிடைத்தால் காலம் குறையும், நான் தருகிறேன். அப்புறம் வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும்.

செங்காங்_கலா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், சத்தம் போடும் மீன்தான் வேண்டும் என்கிறார், மகனுக்குச் சண்டைமீன்! இரண்டையும் ஒன்றாக விடலாமா? திருச்சிப் பயணத்துக்கு என்ன செய்வது?

நீர்ப்பாசி:
ஒன்றாக வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம், சண்டை வரும். அப்பா பக்கம் போங்கள், பகலெல்லாம் பார்க்கப் போகிறவர் அவர்தான். தொட்டியைச் சுற்றிச் செடி அடர்த்தியாக இருந்தால் கௌராமி சீக்கிரம் வெளியே வரும், எஸ்தர் சொன்ன கூச்சம் அதனால் குறையும். கிளெமென்டி புளோக் 328, சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கும் மீன் கடைகளில் போய்ப் பாருங்கள், வயிறு ஒட்டிய மீனை எடுக்காதீர்கள்.

பயணத்துக்கு: வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் தாங்கும், இரண்டு வாரம் வேண்டாம். மாத்திரைப் பெட்டியில் ஒருவேளைத் தீனி வீதம் பிரித்து வைத்து, பக்கத்து வீட்டாரிடம் மூன்று நாளைக்கு ஒருமுறை ஓர் அறையைக் கொட்டச் சொல்லுங்கள். தீனி டப்பாவை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள்.