எந்த ட்ரோன்: மினி 3-ஓ, மினி 4 ப்ரோவோ? பிள்ளையள் சைக்கிள் ஓடுறதை எடுக்க வேணும்

வடலி (ஸ்காபரோ):
வணக்கம். மூண்டு கிழமையா வீடியோ பாத்துப் பாத்துத் தலை சுத்துது. சொந்தமா ட்ரோன் இதுவரைக்கும் வச்சிருக்கேல்லை. டிஜேஐ மினி 3 எடுக்கிறதோ, மினி 4 ப்ரோ எடுக்கிறதோ? ரெண்டுக்கும் சில நூறு டொலர் வித்தியாசம். கடையில நிண்ட பொடியன், "ரெண்டும் 4கே தான் அண்ணை, படம் பிடிக்கிற சென்சரும் ஒரே அளவு" எண்டான். அப்ப கூடக் குடுக்கிற காசு எதுக்கு?

எனக்குத் தேவை ரெண்டு விசயம். ஒக்ரோபரில மேப்பிள் சிவக்கேக்க மேல இருந்து எடுக்க வேணும். மற்றது, பிள்ளையள் ரெண்டு பேரும் சைக்கிள் ஓடேக்க பின்னால போய் எடுக்க வேணும்.

இன்னொரு சந்தேகம். போன ஞாயிறு மச்சானின்ர மினி 3-ஐ ஏரிக்கரையில ஏத்திப் பாத்தன். தண்ணிக்கு மேல ஆள் உயரத்தில நிப்பாட்டிப்போட்டு ரிமோட்டில இருந்து ரெண்டு விரலையும் எடுத்திட்டன். நிண்ட இடத்தில நிக்காமல், அலை போற பக்கமா மெல்ல மெல்ல அரக்கிக்கொண்டு போச்சு. மச்சான் காத்து எண்டுறான். ஆனா கரையில நிண்ட நாணல் அசையவே இல்லை. பழுதோ? 4 ப்ரோவிலயும் இப்பிடி வருமோ?

மினி 3-ஐ 51 நிமிசம் பறக்க வைக்கிற பெரிய பற்றரியும் கடையில இருக்கு. அதையும் சேத்து எடுக்கட்டோ?

மார்க்கம் மாமா:
தம்பி, அது பழுதில்லை. ட்ரோனின்ர வயித்தில ஒரு குட்டிக் கமெரா இருக்கு. கீழ கிடக்கிற கல்லு, புல்லு, வெடிப்பு எல்லாத்தையும் பாத்துத்தான் நிலத்துக்குக் கிட்டப் பதிய நிக்கேக்க தான் நகருறனோ இல்லையோ எண்டு அது கண்டுபிடிக்கும். கீழ தண்ணி நகர்ந்தால், தான்தான் பின்னுக்குப் போறன் எண்டு நினைச்சுத் தண்ணியோடயே போகும். நல்லா மேல ஏத்தும், ஜிபிஎஸ் பிடிச்சுக்கொள்ளும். 4 ப்ரோவுக்கும் அதே குணம்தான். தண்ணிக்கு மேல பதிய விட்டு விளையாடாதையும். விழுந்தால் ஏரிக்குத்தான் சொந்தம்.

பெரிய பற்றரிக் கதையை முதல்லயே கேட்டது நல்லம். இந்த ரெண்டு மினியையும் 249 கிராமுக்குள்ள அடக்கி வச்சிருக்கிறதே 250-ஐத் தாண்டக் கூடாதெண்டுதான். இஞ்ச கனடாவில 250 கிராமுக்குக் குறைய எண்டால் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டாம், பைலற் சான்றிதழும் வேண்டாம். அந்தப் பெரிய பற்றரியைப் போட்டீரெண்டால் நிறை 290 கிராம் கிட்ட வந்திடும். பிறகு பதிவு, 35 கேள்விச் சோதினை, 65 வீதம் எடுத்தால்தான் பாஸ். ஆக்களுக்கு 30 மீற்றர் தள்ளி, விமான நிலையத்துக்கு 5.6 கிலோமீற்றர் தள்ளித்தான் பறக்கலாம். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் 1,000 டொலர் வரைக்கும் தண்டம். கடைக்காரர் இதை வாய் திறந்து சொல்லமாட்டினம். விசிறியைச் சுத்திப் போடுற காப்பு வளையமும் இதே கணக்குத்தான்.

மேல்கோணம்:
நான் மிஸ்ஸிசாகால கல்யாண வீடியோ எடுக்குறேன், சொந்த ஊர் ஈரோடு. ரெண்டையும் வச்சு ஓட்டியிருக்கேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லைங்க. ரெண்டுலயும் 1/1.3 இன்ச் சென்சார், எஃப் 1.7 லென்ஸ். பகல்ல, சும்மா மேல நிறுத்தி மேப்பிள் காட்டை எடுத்தீங்கன்னா எது எதுல எடுத்ததுன்னு நானே தடுமாறுவேன். மினி 3 4கே-ல செகண்டுக்கு 30 ஃப்ரேமோட நின்னுடும். 4 ப்ரோ 60 போகும், ஸ்லோமோஷனுக்கு 100 வரைக்கும். அப்புறம் கலர் கரெக்ஷனுக்குன்னு 10 பிட் டி-லாக் எம்னு ஒரு வீடியோ முறை இருக்கு. நீங்க எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடப்போறீங்கன்னா அதெல்லாம் வீண், அது அமுக்கிப் பிழிஞ்சு எல்லாத்தையும் ஒண்ணாக்கிடும்.

ஆனா பிள்ளைங்க சைக்கிளுக்குப் பின்னாடி போகணும்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே முடிவாயிடுச்சு. ஆளைக் குறிச்சுக் குடுத்தா தானாப் பின்தொடருற வசதி மினி 3-ல கிடையாது. ரிமோட்ல ரெண்டு ஸ்டிக்கையும் நீங்கதான் தள்ளணும். கண்ணு திரையில பிள்ளைங்க மேல இருக்கும், ட்ரோன் எங்க போகுதுன்னு பார்க்க மாட்டீங்க. மினி 3-க்குக் கீழ மட்டும்தான் கண்ணு. முன்னாடி, பின்னாடி, பக்கவாட்டுல குருடு.

எனக்கு நடந்தது. பொண்ணு மாப்பிள்ளைய முன்னாடி வச்சு, மினி 3-ஐப் பின்னாடியே இழுத்துக்கிட்டே மேல ஏத்தினேன். திரையில படம் அம்சமா விரியுது. திடீர்னு படம் சாய்ஞ்சு, வானம், இலை, வானம், அப்புறம் அசையாம ஒரே ஒரு பிர்ச் கிளை. ஒரு றெக்கை ஒடிஞ்சு அங்கேயே தொங்குச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பா ஏணி வாங்கிட்டு வந்து இறக்கினார், கோட்டு சூட்டோட. அன்னைக்கு எடுத்ததுல எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கிற வீடியோ அந்த ஏணிதான்.

4 ப்ரோ எல்லாப் பக்கமும் பார்க்கும், வழியில மரம் வந்தா நிக்கும் இல்லைன்னா சுத்திப் போகும். அதுக்காக நம்பிக் கண்ணை மூடிடாதீங்க. மெல்லிசு குச்சி, கரண்டு கம்பி தெரியாது. இருட்டினா தெரியாது. வேகமாப் பறக்கிற ஸ்போர்ட் மோடுல போட்டா அந்தக் கண்ணெல்லாம் மூடிக்கும், நிறையப் பேர் மாட்டுறது இங்கதான்.

வடலி:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஏணிக் கதை வாசிச்சு மனிசி சிரிச்சு முடியேல்லை. அப்ப ரூஜ் பார்க்கில சைக்கிள் பாதையிலயே தொடங்கலாம்தானே? 249 கிராமுக்குச் சட்டமே இல்லை எண்டு ஒருத்தர் சொன்னார்.

மார்க்கம் மாமா:
ஆர் அந்த ஒருத்தர்? சான்றிதழ்தான் தேவையில்லை, சட்டம் இருக்கு. ஆக்களுக்கோ விமானத்துக்கோ ஆபத்து வரக்கூடியதா கவனமில்லாமல் பறக்கவிடக் கூடாது எண்டது 249-க்கும்தான். ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா, பார்க்ஸ் கனடாவின்ர இடம், அனுமதி இல்லாமல் ஏத்தேலாது. அல்கொன்குயின் மாதிரி மாகாணப் பூங்காவிலயும் ஏத்தேலாது. நயாகரா பார்க்ஸிலயும் அப்பிடித்தான். ரொறொன்ரோ நகரப் பூங்காக்களிலயும் அனுமதி எடுக்க வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரின்ர காணி ஸ்ரௌவில் பக்கம் இருக்கு, கேட்டுப்போட்டு அங்க ஏத்திறனான். உமக்கும் அப்பிடி ஒரு காணி தேடிப் பிடியும், ட்ரோன் வாங்க முதல்.

காத்தையும் பாத்துக்கொள்ளும். ரெண்டும் செக்கனுக்கு 10.7 மீற்றர், அதாவது மணிக்கு 38 கிலோமீற்றர் காத்து வரைக்கும் தாங்கும். முதல்ல காத்துக்கு எதிராப் போய், திரும்பேக்க காத்தோட வாரும். மாறிச் செய்தால் வரேக்கதான் பற்றரி தின்னும்.

புதுவரவு:
ஒண்டு கேக்கலாமோ? இன்னும் கொஞ்சம் போட்டு மினி 5 ப்ரோ எடுத்தால் என்ன? அது 1 இன்ச் சென்சர் எல்லே?

மேல்கோணம்:
படம் நல்லாவே இருக்கும். 2025 செப்டம்பர்ல வந்தது. ஆனா எடை 249.9 கிராம், அதுல 4 கிராம் முன்னப் பின்ன இருக்கலாம்னு கம்பெனியே போட்டிருக்கு. 250-க்குக் கீழ இருக்கணும்னு வாங்குறவர் கையில வந்ததும் தராசுல வைக்கணும். வடலி சார் பட்ஜெட்டுக்கு 4 ப்ரோவே போதும்னு நினைக்கிறேன்.

வடலி:
மச்சானிட்ட மினி 3 பற்றரி மூண்டு சும்மா கிடக்கு. 4 ப்ரோவுக்குள்ள போகுமோ?

மேல்கோணம்:
பொருந்தும், பறக்கும். ஆனா அது ரெண்டு மூணு கிராம் கனம் கூட. நிறுத்துப் பாருங்க.

வடலி:
சனிக்கிழமை 4 ப்ரோ எடுத்தாச்சு, சின்னப் பற்றரி ரெண்டோட. மரக்கறி நிறுக்கிற தராசில வச்சன், 248. மச்சானின்ர பற்றரியைப் போட்டு வச்சன், 251. அவனின்ர மூண்டையும் நேற்றே திருப்பிக் குடுத்திட்டன். இனிக் காணி தேட வேணும். மாமா, அந்த ஸ்ரௌவில் ஆளுக்கு மாம்பழம் பிடிக்குமோ?