கிளாஸ் விளிம்புக்கான இனிப்பு-உப்புக் கலவை கல்லாகிவிடுகிறது, உதவி தேவை

புளிப்புமிட்டாய்:
வணக்கம். சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள், மார்கரிட்டா (எலுமிச்சைச் சாறு சேர்ந்த காக்டெய்ல்) கலக்கலாம் என்று இருக்கிறேன். விளிம்பில் ஒட்டும் இனிப்பு-உப்புக் கலவையை வீட்டிலேயே செய்து பார்த்தேன். இரண்டு முறையும் சொதப்பல்.

அரை கப் சர்க்கரை, அரை கப் தூளுப்பு, இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல், அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட். கலந்து பாட்டிலில் போட்டு மூடினேன். அன்றைக்கு மணம் ஆளைத் தூக்கியது. மறுநாள் ஈர மணல். மூன்றாம் நாள் கரண்டிக் காம்பால் குத்தி உடைக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை ஐசிங் சுகர் போட்டேன், அது விளிம்பில் பசை மாதிரி அப்பிக்கொண்டது.

இன்னொரு தொல்லை: ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் ஒட்டினால் ஐந்து நிமிடத்தில் கரைந்து வழிகிறது. குடித்தால் ஒரு கிளாஸ் கடல் தண்ணீர், இன்னொன்று பாகு.

அவசரக்குடுக்கை:
பாட்டிலைச் சரியாகத் துடைத்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் அரிசி போட்டு வையுங்கள்.

புளிப்புமிட்டாய்:
வெயிலில் காயவைத்த பாட்டில் சகோ. அரிசியும் போட்டாயிற்று, இப்போது அரிசியோடு சேர்ந்து கட்டியாக இருக்கிறது.

குலுக்கல்:
பாட்டில் மேல் பழி இல்லை. ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. புதிதாகத் துருவிய தோலில் தண்ணீர் நிறைய உண்டு. மூடிய பாட்டிலில் அது வெளியே போக வழியில்லாமல் உப்பிலும் சர்க்கரையிலும் இறங்கும்.

அதோடு, உப்பு தனியாக இருந்தால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொடும்போதுதான் நீர்விடத் தொடங்கும். சர்க்கரை சுமார் 85 வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் இந்த இரண்டு எல்லைக்கும் கீழேயே நசநசக்கும். சிட்ரிக் ஆசிட் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் முன்கூட்டியே எல்லாவற்றையும் கலந்து வைக்காதீர்கள்.

நான் செய்வது இப்படி. தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் துருவுங்கள், வெள்ளை வந்தால் கசக்கும். துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரலால் நன்றாகத் தேய்த்தால் தோலின் எண்ணெய் முழுக்கச் சர்க்கரையில் ஏறிவிடும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஓவனில் 90 அல்லது 100 டிகிரியில் அரை மணி நேரம், நடுவில் ஒரு முறை கிளறிவிட்டு. ஓவன் இல்லையென்றால் ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு. தொட்டால் சரசரவென்று இருக்க வேண்டும். முழுக்க ஆறிய பிறகே பாட்டிலில் போடுங்கள். உப்பும் ஆசிடும் விருந்தன்றுதான்.

ஐசிங் சுகரை மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அதில் ஸ்டார்ச் சேர்ந்திருக்கும், ஈரம் பட்டால் பசைதான். பழுப்புச் சர்க்கரையும் வேண்டாம், அது பிறவியிலேயே ஈரம்.

ராத்திரிக்கடை:
மேலே சொன்னது சரி. கடல் தண்ணீருக்கு நான் சொல்கிறேன். அரை கப்புக்கு அரை கப் என்பது பார்க்கத்தான் சமம். அரை கப் தூளுப்பு சுமார் 145 கிராம் வரும், சர்க்கரை 100 கிராம்தான். எடைபோட்டு, சர்க்கரை இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு என்று வையுங்கள். உப்பின் பரலும் சர்க்கரைப் பரலும் கிட்டத்தட்ட ஒரே பருமனாக இருக்கட்டும். பொடி உப்பு தட்டின் அடியில் இறங்கிவிடும், அதனால்தான் உங்களுக்கு ஒரு கிளாஸ் உப்பாகவும் இன்னொன்று இனிப்பாகவும் வந்திருக்கிறது. கல்லுப்பை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் போதும்.

ஃப்ரீசர் கிளாஸ் மேல் படியும் பனி உருகித்தான் எல்லாம் வழிகிறது. காய்ந்த கிளாஸில் முதலில் ஒட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் உலரவிட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எலுமிச்சைத் துண்டால் விளிம்பின் வெளிப்பக்கத்தை மட்டும் தடவுங்கள். கெட்டியாகப் பிடிக்க வேண்டுமானால் சாறுக்குப் பதில் சர்க்கரைப் பாகு. கிளாஸைக் கவிழ்த்து அழுத்தக் கூடாது (எல்லாரும் செய்வது இதைத்தான்!). உள்பக்கம் ஒட்டியது அத்தனையும் பானத்தில் விழும். சாய்த்துப் பிடித்து உருட்டுங்கள். அதுவும் பாதி வட்டத்துக்கு மட்டும். உப்பு வேண்டாதவர் மறுபக்கம் குடித்துக்கொள்ளலாம்.

புளிப்புமிட்டாய்:
விருந்து முடிந்தது. ஃபேன் வழிதான், இரவு முழுக்க. சர்க்கரை இன்னும் உதிரியாகவே இருக்கிறது. பாதி விளிம்பு நல்ல யோசனை, மது தொடாத தோழிக்கு அதே கிளாஸில் எலுமிச்சை சோடா கொடுத்தேன், அவள்தான் விளிம்பை முழுக்க நக்கிக் காலி செய்தாள். புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலாகப் பட்டது. 100 கிராம் சர்க்கரைக்கு அரை டீஸ்பூன் ஆசிட் அதிகமோ?

குலுக்கல்:
பானத்திலேயே எலுமிச்சைச் சாறு இருக்கிறதே. கால் டீஸ்பூனில் தொடங்கி நக்கிப் பார்த்து ஏற்றுங்கள்.