ஒரு ஜோடி எதிர்ப் பக்கமும் ஒரு ஜோடி எதிர்க் கோணமும் சமம்: இணைகரம் ஆகுமா?

கேள்வி

வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நாற்கரக் கணக்கு ஒன்றில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கசதப ஒரு நாற்கரம். கச = தப, கோணம் க = கோணம் த. வேறு எதுவும் கொடுக்கவில்லை. இது இணைகரமா, காரணம் கூறு என்கிறது கேள்வி.

சப என்ற மூலைவிட்டம் போட்டோம். கசப, தபச என்று இரண்டு முக்கோணங்கள் வந்தன. ஒரு பக்கம் சமம், ஒரு கோணம் சமம், சப பொது. ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி சர்வசமம் என்று எழுதலாம் என்று பார்த்தால், அந்தக் கோணம் இரு பக்கங்களுக்கும் நடுவில் இல்லை. ஆனால் எப்படி வரைந்தாலும் இணைகரமாகவே வருகிறது. வேறு வழியில் நிரூபிக்க முடியுமா? முடியாது என்றால் அதை விடைத்தாளில் எப்படி எழுதுவது?

பதில் 1

பக்கமும் சமம், கோணமும் சமம் என்றால் இணைகரம்தானே? படமும் அப்படியே வருகிறது என்கிறீர்கள்.

பதில் 2

இல்லைங்க, இணைகரம் என்று சொல்ல முடியாது. மகள் தயங்கிய இடம் மிகச் சரியான இடம், முதலில் அவளைப் பாராட்டுங்கள். படம் அப்படி வருவதற்குக் காரணம், நாம் இணைகரத்தை மனதில் வைத்துக்கொண்டே பென்சிலை எடுப்பதுதான்.

முடியாது என்று காட்ட ஒரே ஒரு எதிர்க்காட்டு போதும். ஒரு தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 10, 10, 12 செ.மீ. பக்கங்கள் உள்ள இருசமபக்க முக்கோணத்தை வெட்டுங்கள். 12 செ.மீ. அடிப்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். மறுபுறம் 4 செ.மீ. மிஞ்சும். உச்சியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே வெட்டுங்கள். இப்போது சின்னத் துண்டைப் பின்பக்கம் மேலே வரும்படி புரட்டி, வெட்டிய விளிம்பை மறுபடி அதே விளிம்போடு ஒட்டவையுங்கள். உச்சியாக இருந்த முனை கீழே போக வேண்டும், அதுதான் முக்கியம்.

கிடைக்கும் நாற்கரத்தின் பக்கங்கள் வரிசையாக 10, 8, 10, 4. எதிரெதிரே இருக்கும் 10-ம் 10-ம் சமம். பழைய அடிக்கோணங்கள் இரண்டும் (ஏறக்குறைய 53 டிகிரி) இப்போது எதிர்க் கோணங்கள், அவையும் சமம். ஆனால் 8-ம் 4-ம் சமமில்லை, ஆக இணைகரம் இல்லை. விடைத்தாளில் இந்தப் படத்தையும் அளவுகளையும் போட்டு, "தரவுகள் போதாது" என்று எழுதினால் முழு விடை.

கேட்டவர்

வெட்டிப் பார்த்துவிட்டோம், ஐயா! சரியாக வந்தது. மகள் ஒரு கேள்வி கேட்கிறாள்: அந்த 8-ம் 4-ம் எங்கிருந்து வந்தன? எந்த அளவு வைத்தாலும் வருமா?

பதில் 2

நல்ல கேள்வி. கச = 10, கோணம் க அதே 53 டிகிரி என்று வையுங்கள். ச-வில் காம்பஸ் முனையை ஊன்றி, வெட்டிய விளிம்பின் நீளத்தை ஆரமாக வைத்து வில் போடுங்கள். அந்த நீளம் சுமார் 8.25 செ.மீ., 10-ஐ விடக் குறைவு. அதனால் க வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கதிர் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறது, 4 செ.மீ.-யில் ஒன்று, 8 செ.மீ.-யில் ஒன்று. நம் இரண்டு துண்டுகளும் அந்த இரண்டு விடைகள்தான்.

மூலைவிட்டம் சப, கச-வுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் இந்த வேலை நடக்காது. க வட்டத்துக்கு உள்ளேயோ வட்டத்தின் மேலேயோ வந்துவிடும். ப-வுக்கு ஒரே இடம்தான். அப்போது முக்கோணங்கள் சர்வசமம், இணைகரம் உறுதி. கொடுத்த கோணம் 90 டிகிரியோ அதற்கு மேலோ என்றாலும் அப்படித்தான். அந்தக் கோணத்துக்கு எதிர்ப்பக்கம்தான் முக்கோணத்தின் பெரிய பக்கம், ஆகவே சப கட்டாயம் கச-வை விடப் பெரிது. செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) சர்வசம விதியும் இதில் அடக்கம்.

பதில் 3

கச = தப என்பதற்குப் பதில் கச இணை தப என்று கொடுத்தால்?

பதில் 2

அப்போது இணைகரமேதான், மூலைவிட்டம்கூடத் தேவையில்லை. இணைகோடுகளுக்கு இடையே ச + த = 180. த-வும் க-வும் சமம், ஆக ச + க = 180. அப்படியானால் சத-வும் கப-வும் இணை. ஆனால் கச இணை தப என்று சொல்லிவிட்டு, சத = கப என்று கொடுத்தால் ஏமாந்துவிட வேண்டாம். இருசமபக்கச் சரிவகமும் அதற்குப் பொருந்தும். பரீட்சையில் அடிக்கடி வரும் பொறி அது.

கேட்டவர்

மிக்க நன்றி. அந்தச் சரிவகத்தை இப்போது அவளே வரைந்துகொண்டிருக்கிறாள்.