போர் பறித்த வணிகப் பெயர்கள்: நீங்கள் நேரில் பார்த்தவை எவை?

பழைய லென்ஸ் சேகரிப்பவர்:
ஏலத்தில் எடுத்த ஒரு லென்ஸில் "அவுஸ் யேனா" (யேனாவிலிருந்து) என்றும், பக்கத்தில் ஒற்றை எழுத்தாக "டி" என்றும்தான் பொறித்திருந்தது. அதைச் செய்த ஜெர்மன் நிறுவனமான கார்ல் சைஸின் பெயரே இல்லை. போலி என்றார் நண்பர். தேடிப் படித்தேன். அசல் யேனா தயாரிப்புதான், பெயர் போடத்தான் அனுமதி இல்லை.

1945இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரம் சோவியத் வசம் போவதற்கு முன், அமெரிக்கப் படை சைஸ் நிபுணர்களை மேற்கே கொண்டுபோனது. அவர்களைக் கொண்டு மேற்கு ஜெர்மனியின் ஓபர்கோகனில் இன்னொரு சைஸ் எழுந்தது. யேனாவில் மிஞ்சிய ஆலை அரசுடைமை ஆனது. நாங்கள்தான் உண்மையான சைஸ் என்று இரண்டு பக்கமும் நாடு நாடாக வழக்காடின. யேனா தோற்ற சந்தைகளில் டெஸ்ஸார் என்ற லென்ஸ் பெயர்கூட "டி" எனச் சுருங்கியது. அதேபோல் கிழக்கு நாடுகளில் மேற்கத்திய சைஸ் "ஆப்டான்" என்ற பெயரில் விற்றது. சந்தையை யார் யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று லண்டனில் ஒப்பந்தம் வந்தது 1971இல்தான். தலைமுறையாகக் கண்ணாடி தேய்த்த யேனா தொழிலாளிகள், தங்கள் வேலையின் மேல் தங்கள் ஆலையின் பெயரைப் போட முடியாமல் போனது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

மருத்துவக் கட்டுரைகளைத் திருத்துபவர்:
எனக்கு இது அன்றாட வேலை. நிதி உதவி விவரத்தில் "மெர்க்" என்ற மருந்து நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால், எந்த மெர்க் என்று ஆசிரியரிடம் கேட்டே ஆக வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் மெர்க் குடும்பத்தின் அமெரிக்கப் பங்குகளை அந்த நாட்டு அரசு எடுத்துக்கொண்டது. அன்று பிரிந்த இரண்டும் இன்னும் சேரவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெயர் அமெரிக்க நிறுவனத்துக்கு, அங்கே ஜெர்மன்காரர்கள் "ஈ.எம்.டி". மற்ற இடங்களில் அமெரிக்க நிறுவனம் "எம்.எஸ்.டி". சரி, இணையத்துக்கு எல்லை ஏது? அதுவும் வழக்கானது. 2016இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஜெர்மன் மெர்க் பக்கம் தீர்ப்பளித்தது.

மருந்தாளுநர்:
ஜெர்மன் மருந்து நிறுவனமான பேயரை விட்டுவிட்டீர்களே. 1918 டிசம்பர் 12 அன்று அதன் அமெரிக்கச் சொத்துகளை எதிரிச் சொத்து என்று ஏலம் விட்டார்கள். ஸ்டெர்லிங் என்ற அமெரிக்க நிறுவனம் 53.1 லட்சம் டாலருக்கு எடுத்தது, பேயர் பெயரும் சேர்ந்து போனது. அமெரிக்காவில் அந்தப் பெயரை மீட்க 1994இல் 100 கோடி டாலருக்கு ஒரு வணிகத்தையே வாங்க வேண்டியிருந்தது.

வணிகச் சின்னப் பதிவில் வேலை செய்பவர்:
ஆலையைத் திரும்பக் கட்டலாம். ஒரு பெயரை இன்னொருவர் பல ஆண்டுகள் நேர்மையாக நடத்திவிட்டால், அதை நம்பி வாங்குபவர்களும் அவருடையவர்களாகி விடுகிறார்கள். அப்புறம் யாரிடமிருந்து யாருக்குத் திருப்பிக் கொடுப்பது? அதனால்தான் போர்க்காலத்தில் நீதிமன்றங்கள் நிதானம் இழக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் கீரோவ் நீதிமன்றம், பெப்பா பிக் என்ற குழந்தைகள் கார்ட்டூன் உரிமையாளரின் வணிகச் சின்ன வழக்கை, ரஷ்யா மீதான மேற்கு நாடுகளின் தடைகளைக் காரணம் காட்டித் தள்ளியபோது எங்கள் துறையே அதிர்ந்தது. நல்லவேளை, அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது.

மெக்டொனால்ட்ஸ் அங்கிருந்து வெளியேறியபோது கடைகளை விற்றது, வணிகச் சின்னங்களை விற்கவில்லை. 15 ஆண்டுகளுக்குள் கடைகளைத் திரும்ப வாங்கும் உரிமையையும் வைத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை எழுதியவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு தாங்கும்?