பேக்சேனல்: பின்வழியா, உம்கொட்டா?

வணக்கம் ஐயா,

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பிள்ளைகளுக்கான பேச்சு ஆங்கிலக் கையேட்டில் 'பேக்சேனல்' (backchannel) என்ற சொல்லுக்கு நீங்கள் வைத்த 'பின்வழி' என்ற தமிழாக்கம் வேண்டாம். கொல்லைப்புற வாசல்தான் நினைவுக்கு வரும். மொழியியலாளர் விக்டர் இங்வி 1970-ல் அந்தப் பெயரால் குறித்தது, ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் பேச்சைப் பறிக்காமல் கேட்பவர் போடும் 'ம்', 'யா', 'ஐ சீ' போன்றவற்றை. 'பின்னூட்டம்' என்ற சொல்லோ 'ஃபீட்பேக்' என்ற வேறு வேலைக்குப் போய்விட்டது. நன்னூல் விடையை 'இறை' என்று எட்டாகப் பிரிக்கிறது. ஆனால் அது வினாவுக்கு வருவது. இங்கே வினாவே இல்லை.

கதை கேட்பவர் உம் கொட்டுவார் அல்லவா? அதுவே போதும்: 'உம்கொட்டு'. உம்கொட்டினார், உம்கொட்டுச் சொல் என்று எப்படியும் வளையும்.

விளக்கத்தில் ஒன்றை அவசியம் சேர்க்க வேண்டும். காசிமேட்டில் விலை கேட்டவர் 'ம்ஹூம்' என்றால் கட்டாது என்று பொருள். ஆங்கில 'ம்-ஹ்ம்' அதற்கு நேர் எதிர்: 'ஆமாம், மேலே சொல்லுங்கள்'. இரண்டாம் அசையில் குரல் ஏறும். வாய் திறந்து சொன்னால் 'அ-ஹ', அதுவும் ஆமாம்தான். நடுவில் ஹகரம் போய், தொண்டை ஒரு கணம் அடைபட்டு, குரல் இறங்கி 'அ-அ' என்று வந்தால் மட்டுமே 'இல்லை' என்று பொருள். தொலைபேசியில் தலையாட்டல் தெரியாது. இந்த ஒரு ஹகரத்தில் ஆர்டரே மாறிவிடும். காதால் கேட்டுப் பழக்காமல் எழுத்தில் மட்டும் கொடுத்தால் பயனில்லை.

நம்மவர் உம்கொட்டாக 'யெஸ், யெஸ்' என்பார்கள். கேட்கிறேன் என்பதே எண்ணம். எதிரில் இருப்பவரோ சொன்ன நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஓகே, ஓகே' என்று அடுக்கினால் சீக்கிரம் முடி என்று விரட்டுவதுபோல் ஒலிக்கும். புதிய செய்தி வந்தால் 'ஓ' பொருந்தும். ஏற்கெனவே தெரிந்ததற்கு 'ஓ' போட்டால் இப்போதுதான் தெரியும் என்றாகிவிடும்.

—

வணக்கம் அம்மா,

உம்கொட்டு சரி, பின்வழியை விட்டுவிடுகிறேன். புணர்ச்சி பார்த்தால் 'உங்கொட்டு' ஆகவேண்டும். 'உங்க' என்று படிக்கத் தொடங்கித் தடுமாறுவார்கள். மகரம் மாறாமலே எழுதலாம்.

எதிர்மறைக் கேள்வியை மட்டும் இதில் கலக்காதீர்கள். 'டோன்ட் யூ நீட் எ பில்?' என்றால் நாம் 'ஆமா, வேணாம்' என்று நினைத்து 'யெஸ்' சொல்லிவிடுகிறோம்; அங்கே 'யெஸ்' என்றால் பில் வேண்டும். வேண்டாமென்றால் 'நோ'. அது வினாவுக்கு வந்த விடை, உம்கொட்டு அல்ல. தனிப் பக்கத்தில் போடுங்கள்.