ஞாயிற்றுக்கிழமை 28 கிலோமீட்டர்

வியாழன், இரவு

கார்த்தி: ஞாயிறு காலை 28 கி.மீ. ஓடப் போகிறேன். பெசன்ட் நகரில் தொடங்கி ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக அக்கரைப் பக்கம் போய்த் திரும்புவதாகத் திட்டம். 5:30க்குக் கிளம்பினால் 8:10க்குள் முடியும். நடுவில் யாராவது தண்ணீர் கொண்டுவர முடியுமா?

அம்மா: அப்பா வண்டியில் வருவார். வெறும் வயிற்றோடு போகாதே.

அத்தை: கார்த்தி, அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி ஆகிறது. ஜனவரியில் மாரத்தானை 4 மணி நேரத்தில் முடிக்கத் தேவையான வேகமே அதுதான். போட்டி வேகத்தில் 28 ஓடுவதற்குப் பெயர் பயிற்சி இல்லை கண்ணா.

கார்த்தி: போன ஞாயிறு 20ஐ இதே வேகத்தில் ஓடினேன் அத்தை. மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது.

அத்தை: சரி, செவ்வாய்க்கிழமை ஓடினாயா?

கார்த்தி: இல்லை. தொடை பிடித்துக்கொண்டது. புதனும் போகவில்லை.

அத்தை: பார், ஒரு ஓட்டம் இரண்டு நாள் பயிற்சியைத் தின்றுவிட்டது. ஞாயிறு கிலோமீட்டருக்கு 6:40ஐ விட வேகமாகப் போகாதே. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒற்றை வார்த்தையில் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

பிரியா: மெதுவாகவே ஓடினால் உடம்பு மெதுவாக ஓடத்தானே பழகும் அத்தை? எங்கள் ஓட்டக் குழுவில் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

அத்தை: வேகத்துக்கு வாரத்தின் நடுவில் வரும் குட்டி ஓட்டங்கள் இருக்கின்றன பிரியா. நீண்ட ஓட்டத்தின் வேலை வேறு. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருக வேண்டும், கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்க உடம்பு பழக வேண்டும், தசைநாண்கள் உறுதிப்பட வேண்டும். காலில் நிற்கும் நேரம்தான் இதையெல்லாம் தருகிறது. அதிலும் சென்னை விடியற்காலையில் வெயில் இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பதே அந்த நேரத்தில்தான். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். கடிகாரம் 6:40 காட்டினாலும் மூச்சு வாங்கினால் 7க்கு இறங்கு.

அத்தை: அப்புறம், 20க்கு அடுத்த வாரமே 28 வேண்டாம். 23 போதும். மூச்சு சீக்கிரம் தேறிவிடும், எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் தேறும்.

கார்த்தி: போட்டிக்கு முன்னால் 30 தொட வேண்டாமா?

அத்தை: தொடலாம். அதற்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன. நடுவில் ஒரு வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும்.

அம்மா: என்ன சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லு சுதா. இவன் காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புகிறான்.

அத்தை: முந்தின இரவு வயிறாரச் சோறு அண்ணி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். எழுந்ததும் ஒரு வாழைப்பழம். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 1 கலோரி செலவாகும். 70 கிலோ இருக்கும் இவனுக்கு 23 கி.மீ.க்கே சுமார் 1,600. உடம்பில் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய 2,000 கலோரிதான், கல்லீரலில் இருப்பது தூங்கும்போதே குறைந்துவிடும். அதனால் ஓடும்போதும் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். பேரீச்சம்பழமோ ஓட்டக்காரர்கள் சாப்பிடும் சர்க்கரை ஜெல்லோ, பசிக்கும் வரை காத்திருக்காமல் 40ஆவது நிமிடத்திலேயே தொடங்கு. போட்டியன்று எதைச் சாப்பிடப் போகிறாயோ அதையே சாப்பிட்டுப் பார்.

கார்த்தி: தண்ணீர் நிறைய குடித்துவிடுகிறேன். முட்டி வலிக்கு முன்னாடியே ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

மாமா: இரண்டும் வேண்டாம் கார்த்தி. இதை டாக்டராகவே சொல்கிறேன். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடம்பில் அது ஆபத்து. வலி என்ற எச்சரிக்கையும் மறைந்துவிடும். முட்டி வலித்தால் ஓட்டத்தை நிறுத்து.

மாமா: தண்ணீர் குறைந்தாலும் தப்பு, அளவுக்கு மீறினாலும் தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம் தெரிந்தது, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள். தாகத்துக்குக் குடி. ஓடுவதற்கு முன்பும் பின்பும் எடை பார். 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் போயிருக்கிறது. கூடியிருந்தால் அடுத்த முறை குறைத்துக் குடி. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) எடுத்துப் போனால் 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் கொட்டாதே.

பிரியா: கார்த்தி, புது ஷூவையா போடப் போகிறாய்?

கார்த்தி: அதைப் போட்டு இந்த வாரம் 5 கி.மீ. ஓடிப் பழக்கிக்கொள்கிறேன். ஞாயிறு பழையதுதான்.

அத்தை: நல்லது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாசலின் தடவிக்கொள்.

கார்த்தி: சரி அத்தை. 23 கி.மீ., 6:40 வேகம், இரண்டரை மணி நேரம். 4:30க்கே கிளம்பினால் 7:05க்குள் முடியும். அப்பா, நீலாங்கரையில் 5:30க்கு நிற்க முடியுமா?

அப்பா: நிற்கிறேன். ஓஆர்எஸ் எத்தனை பாட்டில்?