தாண்டுசேணம்: ‘பொருத்தம்’ என்ற ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

குதிரையேற்றத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சேணம் பற்றிய பேச்சு என்றதும் சும்மா இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாகக் குதிரையேறித் தடை தாண்டி வருகிறேன், புதிதாக வருபவர்களுக்குப் பழக்கியும் விடுகிறேன், ஆனால் லாயத்தில் நாங்கள் பேசுவதில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான், அதனால் இந்தச் சொற்கள் எனக்கு நிஜமாகவே வேண்டும்.

> ஜம்பிங் சேடில் = பாய்ச்சல் சேணம், தாவுச்சேணம், குதிப்பு இருக்கை. எதை எடுத்துக்கொள்ளலாம்?

குதிப்பு இருக்கை வேண்டாம். இருக்கை என்பது சேணத்தில் நாம் உட்காரும் பள்ளமான பகுதி மட்டும், அந்தச் சொல் அதற்கே தேவைப்படும். பாய்ச்சல் அழகான சொல்தான், பழந்தமிழில் குதிரைக்கே பாய்மா என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் பாய்ச்சல் என்றதும் வேகம்தான் கண்ணில் தெரிகிறது, எதிரே ஒரு தடை நிற்பது தெரியவில்லை. பந்தயக் குதிரைக்குப் போடும் சின்னஞ்சிறு சேணம் ஒன்று தனியாக இருக்கிறது, பாய்ச்சல் சேணம் என்று கேட்டால் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். தாவுதலோ கிளைக்குக் கிளை தாவுவது, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பற்றுவது.

பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் நமக்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே! நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், தடை தாண்டும் ஓட்டம். எல்லாருக்கும் சின்ன வயதிலேயே பழகின சொல். அதனால் தாண்டுசேணம் என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு, ஏவுகணை மாதிரி இதுவும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. தாவுச்சேணம் என்று எழுதியவர் தாவுவதையே விரும்பினாலும் அந்த ‘ச்’சை எடுத்துவிட வேண்டும்.

தலைப்புச் சொல் இதோடு சரி. எனக்கு உண்மையில் உறுத்துவது அடுத்த சொல்.

> சேடில் ஃபிட் = சேணப் பொருத்தம். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

இருக்கிறது, ஐயா. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு குதிரையைப் பல மாதம் துன்பப்படுத்தியிருக்கிறேன்.

நான் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய தாண்டுசேணம் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. உட்கார்ந்து பார்த்தேன், எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது, பொருத்தம் என்று எடுத்துவிட்டேன். விற்றவரும் பொருத்தம் என்றுதான் சொன்னார். சில வாரத்தில் குதிரை சேணத்தைக் கண்டதும் காதை மடக்க ஆரம்பித்தது, சேணத்தைக் கட்டும் வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தது, நன்றாகத் தாண்டிக்கொண்டிருந்த உயரத்தில் தடைக்கு முந்தைய கடைசி அடியில் நின்றது. அது பிடிவாதம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் நல்ல வெயிலில் ஏறி இறங்கிச் சேணத்தைக் கழற்றினேன். முதுகு முழுக்க வியர்த்து மயிர் நனைந்து படிந்திருக்க, தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. கையை வைத்தேன், தோலைச் சுருக்கிக்கொண்டு விலகியது. அங்கே அழுத்தம் அவ்வளவு அதிகம், வியர்வைகூட வரவில்லை. அப்புறம் அதே இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது, அது இன்னும் போகவில்லை. அந்தச் சேணம் எனக்குப் பொருந்தியது, குதிரைக்குப் பொருந்தவில்லை, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் இருந்ததால் இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அதனால்தான் இரண்டு சொல் கேட்கிறேன். குதிரையின் பக்கத்துக்கு முதுகுப்படிவு, ஏறுபவர் பக்கத்துக்கு இருக்கையமைவு.

> படிவு என்றால் வண்டல் படிவு, நிலவியலில் புழங்குகிறது. குழப்பம் வராதா?

தனியாகப் படிவு என்று விட்டால் வரலாம், முதுகுப்படிவு என்றால் யாருக்கும் ஆற்று மணல் நினைவுக்கு வராது. நாம் பேசுவதே அப்படித்தான்: முடி படிந்திருக்கிறது, பலகை தரையில் படியவில்லை. சேணத்தின் அடிப்புறம் குதிரையின் முதுகில் எங்கும் தூக்காமல், எங்கும் குத்தாமல் ஒட்டி உட்கார்வதைச் சொல்ல இதைவிட நெருக்கமான வினை எனக்குத் தெரியவில்லை.

படிவைப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, விரிப்பு எதுவும் போடாமல் சேணத்தைக் கழுத்துப் பக்கமாகச் சற்று முன்னே வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளினால் அது தானாக ஓரிடத்தில் போய் நிற்கும், அதுதான் அதன் இடம். அங்கே தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு மூன்று விரல் இடம் இருக்க வேண்டும். இப்போது சேணத்தின் முன்பகுதிக்கு அடியில் கையைத் தட்டையாக நுழைத்துக்கொண்டு, இன்னொருவரை அந்தப் பக்கத்து முன்னங்காலைத் தூக்கி முன்னே நீட்டச் சொல்லுங்கள். தோள்பட்டையின் மேல்முனை பின்னால் சுழன்று வந்து உங்கள் விரல்களைத் தொடும். படிவு சரியாக இருந்தால் விரல்கள் மேல் வழுக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் உங்கள் விரலே நசுங்கும், வலிக்கும். தாண்டும் குதிரை ஒவ்வொரு தடையிலும் முன்னங்காலை மடக்கி நீட்டுகிறது, அந்த எலும்பு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வந்து இடிக்கும். புதிதாகப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். விரல் ஒரு தடவை நசுங்கிவிட்டால் அப்புறம் படிவை மறக்கவே மாட்டார்கள்.

பின்பக்கத்துக்கும் எல்லை உண்டு. குதிரைக்குப் பதினெட்டு இணை விலா எலும்புகள், கடைசி விலா முதுகெலும்பில் சேரும் இடத்தைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது, அதற்குப் பின்னால் எடையைத் தாங்க விலா கிடையாது. ஆக, குட்டை முதுகுக் குதிரையில் உயரமான ஆள் ஏறினால் ஆளுக்கு வேண்டிய நீளத்துக்குச் சேணம் வைக்க முதுகில் இடமே இருக்காது. கடையில் யாரும் முதலில் சொல்லாத விஷயம் இது.

அடுத்து,

> விதர்ஸ் = திமில். ஏற்கெனவே உள்ள சொல், புதிதாக ஒன்று எதற்கு?

இதில் எனக்கு அழுத்தமான மறுப்பு உண்டு. காளையின் திமில் தசையும் கொழுப்பும் சேர்ந்தது, தொட்டால் அசையும். குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் மேடாகத் தெரிவது முதுகெலும்பின் முட்கள், மேலே தோல்தான், மெத்தென்று ஒன்றும் கிடையாது. திமில் என்று சொல்லிக்கொடுத்தால் பையன், ‘சதைதானே, கொஞ்சம் பட்டால் என்ன’ என்று நினைப்பான். ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். தோள்முகடு என்று வைக்கலாம். முகடு என்றால் எலும்பின் கூர்மை காதில் விழுகிறது.

சேணத்துக்கு உள்ளே இருந்து வடிவம் தரும் கூடுதான் ‘ட்ரீ’. அதற்கு மரம் என்று எழுதியிருந்தவருக்கு: பீச் மரப் பலகைகளை ஒட்டி, எஃகு வைத்து வலுவூட்டிச் செய்வதுண்டு என்றாலும் இப்போது செயற்கைப் பொருளிலும் வருகிறது, ‘செயற்கை மரம்’ என்று எழுத நேரும். சேணச்சட்டம் என்று மாற்றினால் யாரோ சேணத்துக்குச் சட்டம் இயற்றிவிட்டார்கள் என்று படும். சட்டகம் போதும். சட்டகத்தின் அகலம்தான் படிவில் பாதி. குறுகலாக இருந்தால் முன்புறம் எழும்பி நின்று தோள்முகட்டின் இரு பக்கமும் கவ்வும், அகலமாக இருந்தால் முன்புறம் சரிந்து முகட்டின் மேலேயே விழும். குறுகலான சேணத்துக்கு அடியில் தடித்த விரிப்பு போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் போட்டேன். கடிக்கிற செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்டதுபோல் ஆனது.

முதுகெலும்பு அழுந்தாமல் இருக்க அடியில் இரண்டு மெத்தைக்கும் நடுவே நீளமாக ஓடும் இடைவெளிக்கு நடுவோடை என்ற சொல்லை ஒருவர் தந்திருந்தார், அருமை, அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு விரல் அகலம் முன்னிருந்து பின்வரை குறையாமல் இருக்க வேண்டும்.

இனி ஏறுபவர் பக்கம். தாண்டுசேணம் ஏன் வேறு வடிவம் என்று ஒருவர் கேட்டிருந்தார், பெயருக்கும் அது உதவும். 19-ஆம் நூற்றாண்டு முடியும் வரை தடை தாண்டும்போது அங்கவடியை (பாதம் வைக்கும் வளையத்தை) நீளமாக விட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்வதுதான் வழக்கம், குதிரையின் வாய் கடிவாளத்தில் இழுபடும், முதுகில் ஆளின் எடை மொத்தமும் விழும். ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி, ஆளில்லாமல் குதிரை தானாக எப்படித் தாண்டுகிறது என்று கவனித்து, அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்னே கொண்டுபோய்க் குதிரையோடு சேர்ந்து போகச் சொன்னார். அங்கவடி குட்டையானால் முழங்கால் முன்னே வரும், முழங்கால் வந்த இடத்துக்குச் சேணத்தின் பக்கத்தோலும் வர வேண்டும், அதனால்தான் தாண்டுசேணத்தின் பக்கத்தோல் முன்னோக்கி வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தோலுக்குத் தொடைமடல் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, காதுமடல், வாழைமடல் மாதிரி தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இருக்கையமைவில் எல்லாரும் இருக்கையின் நீளத்தை மட்டும் கேட்கிறார்கள், பதினேழு அங்குலமா பதினேழரையா என்று. உட்கார்ந்தால் நமக்குப் பின்னால் நான்கு விரல் இடம் மிஞ்ச வேண்டும், அதுவரை சரி. ஆனால் தாண்டுசேணத்தில் தொடை எலும்பின் நீளம்தான் முக்கியம். இடுப்பு அளவு ஒன்றாக உள்ள இரண்டு பேரில் நீளத்தொடைக்காரருக்கு மடல் இன்னும் முன்னே வெட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் முழங்கால் மடலைத் தாண்டி வெளியே தொங்கும். அப்போது அவர் என்ன செய்வார்? முழங்காலை உள்ளே கொண்டுவரப் பின்னால் நகர்வார், எடை இருக்கையின் பின்விளிம்புக்குப் போகும், மெத்தையின் பின்நுனி குதிரையின் முதுகில் அழுந்தும். இருக்கையமைவு கெட்டால் முதுகுப்படிவும் கெடுகிறது. தடையைத் தாண்டி இறங்கும்போது ஆளின் எடை அங்கவடி வழியாகச் சட்டகத்தின் முன்பகுதியில்தான் இறங்குகிறது, அங்கே படிவு சரியில்லை என்றால் குதிரை வலியில் முதுகை இறுக்கும், மேலே இருப்பவர் என்னதான் தேர்ந்தவரானாலும் நிலை குலைவார்.

அதனால் பொருத்தம் என்ற சொல்லையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. கல்யாணத்தில் பெண்ணுக்கு மட்டும் பொருத்தம் என்று யாரும் சொல்வதில்லை, இரண்டு ஜாதகத்தையும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். சேணப் பொருத்தம் என்பதை அதே மாதிரி, முதுகுப்படிவும் இருக்கையமைவும் இரண்டும் கூடியபோது மட்டும் சொல்வோம். ‘எனக்குப் பொருத்தமாக இருக்கிறது’ என்று ஒருவர் வந்தால், ‘அமைவு சரி, படிவு பார்த்தீர்களா?’ என்று கேட்க வாய்க்கு ஒரு சொல் இருக்கும். சேணம் வாங்கியதோடும் இது முடிவதில்லை. மெத்தையில் கம்பளி அடைத்திருந்தால் முதல் சில மாதத்திலேயே அமுங்கும், குதிரையும் பயிற்சிக்கும் வயதுக்கும் ஏற்ப உடம்பு மாறும். போன வருடம் பார்த்த படிவு இந்த வருடம் இருக்காது.

கடைசியாக இரண்டு குறைகளுக்குச் சொல் வேண்டும். சேணம் முன்னும் பின்னும் எழும்பி ஊஞ்சல்போல் அசைவதற்கு ‘ஆட்டம்’ போதும், கால் சரியில்லாத நாற்காலியையும் ஆடுகிறது என்றுதானே சொல்கிறோம். இன்னொன்று, முன்நுனியும் பின்நுனியும் மட்டும் முதுகைத் தொட்டு நடுவில் வெற்றிடம் நிற்பது. ‘பாலமிடல்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, பாலம் என்றால் நன்மையான பொருள் அல்லவா வருகிறது? பலகை நடுவில் படியாவிட்டால் தச்சர்கள் ‘நடுவில் தூக்குது’ என்பார்கள். அதிலிருந்து ‘நடுத்தூக்கல்’ என்று எடுத்திருக்கிறேன். இதைவிடக் குட்டையாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை.